வெசாக் கூடு கட்டினால் போதுமா?

இலங்கையில் மொழி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு அடுத்த சமூகத்தின் பண்பாட்டை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? தமிழ் ஆசிரிய மாணவர் பௌத்தரின் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டுவார். சிங்கள ஆசிரிய மாணவர் பொங்கல் பானைக்கு முன்னால் கோலம் போடுவார். படம் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டால் புரிந்துணர்வு வந்துவிட்டதாம்.

மொழியும் சடங்கும் தெரிந்தால் பகை போய்விடும் என்பது நேர்த்திக்கடனைப் போன்ற நம்பிக்கை. நேர்த்திக்கடனையே கேள்வி கேட்கிறவர்கள் இதை ஏன் சும்மா விடுகிறோம்?

1983 ஜூலையில் தமிழர்மீது வன்முறை கட்டவிழ்ந்தபோது, கொழும்புத் தமிழர் சிலரைச் சரளமான சிங்களம் காப்பாற்றியது. தமிழர் என்பதை மறைக்க உதவியதால்தான் காப்பாற்றியது. அதே நாட்களில் தமிழரை வீட்டுக்குள் ஒளித்து வைத்த சிங்கள அயலவர்கள் தமிழ் படித்துவிட்டா அதைச் செய்தார்கள்? 1971-ல் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த சிங்கள இளைஞரைச் சுட்டவர்கள் பேசியதும் சிங்களம்தான்.

தமிழராகிய நம்முடைய கணக்கு இன்னும் கசப்பானது. 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சாதியின் பெயரால் தடுத்தவர்களும் தமிழர், தடுக்கப்பட்டவர்களும் தமிழர். கும்பிட்டது ஒரே கடவுளை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்ன விடுதலைப் புலிகளின் கட்டளையும் தமிழில்தான் வந்தது. அங்கே விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் மொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொலிஸ் நிலையத்தில் தன் மொழியில் முறைப்பாடு கொடுக்க முடியாதவருக்கு அந்த மொழி தெரிந்த அலுவலர் வேண்டும். அது உரிமை. அதற்கு அன்பு முலாம் பூசத் தேவையில்லை.

மொழி ஆசிரியருக்கு மற்றவரின் பண்டிகையைவிட மற்றவரின் பயம் தெரிய வேண்டும். சிங்களம் கற்பிக்கப்போகும் தமிழர், 1985 மே மாதம் அநுராதபுரத்தில் புலிகள் கொன்ற பொதுமக்களைப் பற்றிப் படிக்கட்டும். தமிழ் கற்பிக்கப்போகும் சிங்களவர், 1956-ன் தனிச்சிங்களச் சட்டம் எத்தனை குடும்பங்களின் பிழைப்பில் கைவைத்தது என்று விசாரிக்கட்டும். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்கள் யார் என்றும் கேட்கட்டும். பழைய புண்ணைக் கிளறாதே என்பார்கள். பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒரு பக்கத்தை மட்டும். பெரும்பாலான பாடசாலைகளும் மொழிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. மறுபக்கத்தை அவர்கள் வேறு யாரிடம் போய்க் கேட்பார்கள்?

இன்னொன்று: பிற பண்பாட்டை மதிப்பதென்றால் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றும் பழக்குகிறோம். தீட்டும் ஒரு காலத்தில் பண்பாடு என்றுதான் காப்பாற்றப்பட்டது. மனிதரை மதிக்கலாம், அவர்கள் நம்புவதை, முதலில் நாம் நம்புவதை, விசாரிக்கத்தான் வேண்டும்.

ஆசிரிய மாணவர்களே, அடுத்த வெசாக்குக்குக் கூடு கட்டச் சொன்னால் கட்டுங்கள். அதே கிழமை 1956 பற்றியும் 1990 பற்றியும் ஒரு வகுப்பு வைக்கும்படி விரிவுரையாளரைக் கேளுங்கள். முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.