ஏலத்துக்கு வந்த வீட்டை வாங்கலாமா?



பீங்கான் சூளையில் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒருவர் சென்ற வாரம் என்னிடம் வந்தார். "சுவாமி, பாங்கி ஏலத்தில் ஒரு வீடு வருகிறது. இதிலே பழகின தரகர் ஒருவர் மலிவாக முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஒரு குடும்பம் கண்ணீரோடு விட்டுப்போன வீட்டை வாங்குவது பாவமா?" என்று கேட்டார். பலருக்கும் பயன்படும் என்பதால் மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

வாங்குவது தன்னிலே பாவமல்ல. பட்ட கடனைத் தீர்ப்பது கடமை. பாங்கியில் இருப்பதும் உங்களைப்போன்றவர்கள் போட்ட பணந்தானே? 2002-ம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, தவணை 90 நாளுக்கு மேல் நின்று வாராக்கடன் ஆனபின், பாங்கி 60 நாள் கெடு வைத்து நோட்டீசு கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம்.

தரகரை வைத்துக்கொள்வதும் குற்றமல்ல. ஏலம் எடுத்தவர் அன்றோ மறு வேலைநாளிலோ விலையில் 25 சதவீதம் கட்டவேண்டும். ஆகையால் மூலப்பத்திரம், வில்லங்கம், வரி பாக்கி, குடியிருப்பவர் யார் என்பவற்றை முன்கூட்டிப் பார்த்துச் சொல்கிறவர் தம் கூலிக்கு உரியவரே.

ஆனால் "மலிவாக" என்றாரே, எப்படி மலிவாக? மனச்சாட்சி விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். போட்டிக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து வாயடைத்து விலையைக் குறைப்பதானால், அது திருட்டு. யாரிடம் திருட்டு? பாங்கியிடம் என்று நினைப்பீர்கள். கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சுவது உரியவரைச் சேரவேண்டும் என்று அதே சட்டத்தின் 13-ம் பிரிவு சொல்லுகிறது. பெரும்பாலும் அந்த உரியவர் வீட்டை இழந்தவரே. பாக்கி 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாக 18 லட்சத்துக்குப் போகும் வீட்டைச் சதிசெய்து 13 லட்சத்துக்கு முடித்தால், அந்த 5 லட்சமும் தெருவில் நிற்கிற குடும்பத்தின் மடியிலிருந்து அவிழ்த்ததாகும். ஏலத்தொகை கடனுக்கே போதாவிட்டாலோ, மீதிக் கடனும் அவர் தலைமேல்தான்.

"தரகர் செய்தார், எனக்குத் தெரியாது" என்பது சாக்கு. கேட்டறியாமல் கண்ணை மூடிக்கொண்டவனும் பங்காளியே. இதற்குப் பாவசங்கீர்த்தனம் மட்டும் போதாது, ஈடும் செய்யவேண்டும்.

அடகு வாங்கப் போகிறவன் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்று மோயீசன் கட்டளையில் இருக்கிறது. ஏழைக்கும் மானம் உண்டு. ஆகையால் அடியாட்களை அனுப்பி யாரையும் வெளியேற்றாதீர்கள். அதற்குக் கலெக்டர், மாஜிஸ்திரேட்டு வழியாகச் சட்டம் இருக்கிறது.

கடனில் சிக்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டீசை வெட்கப்பட்டுப் பெட்டிக்குள் ஒளிக்காதீர்கள். ஏல அறிவிப்பு வெளிவருமுன் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கலாம். பாங்கியின் எழுத்துமூலமான சம்மதத்தோடு நீங்களே நல்ல விலைக்கு விற்கவும் செய்யலாம்.

வந்தவரிடம் கடைசியாகச் சொன்னேன்: "விலை எப்படிக் குறைகிறது என்று தரகரை நேராகக் கேளும். அவர் சொல்லும் பதிலை, அந்த வீட்டை இழந்தவர் முகத்துக்கு நேரே நின்று உம்மால் சொல்ல முடியுமானால், தைரியமாக வாங்கும். முடியாவிட்டால் வேறு வீடு பாரும்."