சோறும் சான்றிதழும்

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்திற்காகப் பிணைக்கப்பட்டிருந்த குடும்பங்கள் பலமுறை மீட்கப்பட்டுள்ளன. ஒடிசாவிலிருந்து வந்தோரும் இருளரும் அவர்களுள் அடங்குவர். மீட்பு நாளில் தன்னார்வத் தொண்டர் முதலில் தருவது சோறு. பசித்திருப்போரிடம் சட்டம் பேசலாகாது, அது முறையே. ஆனால் தொண்டு அத்துடன் நின்றுவிடலாமா?

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே இல்லாமற் செய்துவிட்டது. எனினும், அரசு வழங்கும் விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாத குடும்பம் மறுவாழ்வு உதவிக்கு அலைய நேரிடும். கடன் கொடுத்தவனுக்கும் அஞ்சியே வாழும். ஆகவே, விசாரணையில் அவர்கள் தம் வாயாலேயே உண்மையைச் சொல்லும்வரை உடனிருப்பதும், சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் பொழுது சாயும்வரை காத்திருப்பதும் சோற்றினும் பெரிய தொண்டாகும்.

சோறிட்டவரை ஏழை கைகூப்பி வணங்குவார். உரிமை பெற்றவரோ எவரையும் வணங்க வேண்டியதில்லை. அந்த வணக்கத்தை இழக்க நமக்கு மனமுண்டா, அன்பர்களே?