பரிசாகக் கிடைக்குமோ மக்களாட்சி?

கொடுங்கோலனை வீழ்த்த அயல்நாட்டுப் படை வருகிறது. சிலை சாய்கிறது, கோட்டை சரிகிறது, ஓட்டுப்பெட்டி வந்து இறங்குகிறது. "இதோ மக்களாட்சி, பெற்றுக்கொள்க!" என்கிறான் வென்றவன். பெற்றவன் உரிமை பெற்றவன் ஆகிறானா? ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அல்ல, தோழர்களே, இது! ஈராக் நாடு இதற்கு விடை காணக் கொட்டிய குருதி கொஞ்சமன்று.

2003 மார்ச்சு 20ஆம் நாள் அமெரிக்காவும் பிரிட்டனும் அந்நாட்டின்மீது பாய்ந்தன. பேரழிவுப் படைக்கலங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன என்றன. துருவித் துருவித் தேடியும் அந்தக் குவியலைக் காணோம். காரணம் பொய்த்ததும், மக்களாட்சி தரவே வந்தோம் என்ற பேச்சு ஓங்கிற்று.

சதாம் உசேனுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. 1988இல் ஹலப்ஜா நகரில் குர்து மக்கள்மீது நச்சுவாயுவை வீசியது அவன் ஆட்சி. வீழவேண்டியவன்தான், வீழ்ந்தான். ஆனால், கொடியவனை வீழ்த்துவது வேறு, குடியாட்சியை நிறுவுவது வேறு!

2003 மே திங்களில், ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் இரு ஆணைகள் பிறப்பித்தார். ஒன்று பாத் கட்சியின் மேல்நிலையினரை அரசுப் பணியிலிருந்து விரட்டிற்று. மற்றொன்று இராணுவத்தையே கலைத்தது. இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். சம்பளம் போயிற்று, துப்பாக்கி போகவில்லை!

அடுத்து, சூலைத் திங்களில் 25 பேர் கொண்ட ஆளுங்குழு அமைந்தது. ஷியா 13, சன்னி அரபியர் 5, குர்துகள் 5, துருக்மானியர் ஒருவர், அசிரியர் ஒருவர் என்று கணக்கிட்டு இடம் பங்கிட்டனர். உன் கொள்கை என்ன என்று கேட்கவில்லை, உன் மதம் எது, உன் இனம் எது என்று கேட்டனர். பங்கீடு பழக்கமாயிற்று, பழக்கம் பிடிவாதமாயிற்று. அமைச்சகங்கள் கட்சிகளின் வேட்டைக்காடாயின.

2005 ஜனவரி 30இல், வெடிகுண்டு மிரட்டலுக்கு அஞ்சாமல் வாக்களித்து, ஊதா மை தோய்ந்த விரலை உயர்த்திக் காட்டினர் மக்கள். அந்த விரலுக்கு நம் வணக்கம்! ஆனால் சன்னி அரபியரிற் பெரும்பாலோர் அத்தேர்தலைப் புறக்கணித்தனர். தேர்தல், மக்கட்கணக்கெடுப்புப் போல் ஆயிற்று.

வேலி இழந்த தோட்டத்தில் அண்டை வீட்டார் நுழையாதிருப்பரோ? 1980 முதல் 1988 வரை போரிட்டும் பாக்தாதைப் பணியவைக்க முடியாத ஈரானுக்கு, பகைவனை அமெரிக்காவே அகற்றித் தந்தது. ஈரானில் அடைக்கலம் புகுந்திருந்த கட்சிகள் அதிகாரம் ஏறின; அதன் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் வளர்ந்தன. 2014 சூனில் மோசுல் நகரையே மதவெறிப் படையொன்று கைப்பற்றியது.

"ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 1945க்குப் பின் வென்றவர் மேற்பார்வையில் மக்களாட்சி தழைக்கவில்லையா?" என்று கேட்பர். தழைத்தது. ஆனால், அங்கே கட்சிகளும் தேர்தலும் தொழிற்சங்கமும் முன்பே வேர்விட்டிருந்தன. வெட்டுண்ட மரம் மீண்டும் துளிர்த்தது. ஈராக்கிலோ, இருந்த அரசு இயந்திரத்தையும் வென்றவனே பெயர்த்தெறிந்தான்.

அப்படியானால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. 2019 அக்டோபரில் பாக்தாதிலும் நாசிரியாவிலும் இளைஞர் திரண்டனர். வேலை கேட்டனர், மதப் பங்கீட்டை ஒழி என்றனர், எங்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்றனர். ஷியா மக்கள் நிறைந்த நஜபு நகரிலேயே ஈரான் தூதரக அலுவலகம் தீக்கிரையாயிற்று. அமெரிக்காவும் வேண்டாம், ஈரானும் வேண்டாம் என்ற குரல் அது. நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரதமர் அப்துல் மஹ்தி பதவி விலகினார். பங்கீட்டு முறையோ விலகவில்லை.

தோல்விதானே என்பர் சிலர். அன்று! 2003இல் பிறர் கொடுத்ததை 2019இல் அவர்கள் தமதென்று கேட்டனர். மதத்தின் பெயரால் எண்ணப்பட மறுத்து, குடிமகனாக எண்ணப்பட வேண்டும் என்று ஒருவன் எழும் நாளில்தான் மக்களாட்சி பிறக்கிறது. அந்த நாளை எந்தப் படையும் கொண்டுவந்து தர இயலாது.