குவியலுக்குள் கை விடுவது யார்?



சந்தையில் விலையேறியபோது விலை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டபோது வியாபாரியைக் கண்டித்தார்கள். வியாபாரத்திற்குச் சுதந்திரம் உண்டு, மோசடிக்கு இல்லை. அதைக் கண்காணிப்பது ஆட்சியாளரின் அமானிதம்.

அந்த அமானிதம் பாழானதற்கு நம் காலத்துச் சாட்சி வங்கதேசம். 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேலே இருந்த ஆயத்த ஆடை ஆலைகளோ மறுநாள் தொழிலாளர்களை வேலைக்கு ஏவின. கட்டிடம் சரிந்து 1,134 பேர் மாண்டனர்.

விரிசல் கண்ணுக்குத் தெரிந்தும் ஏன் தடுக்கப்படவில்லை? அந்நாட்டு ஆடை ஆலை முதலாளிகள் பலர் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருந்தார்கள். சோதனைக்கு உள்ளாக வேண்டியவரே சட்டம் இயற்றும் இடத்தில் இருந்தால், குவியலுக்குள் கை விடுவது யார்? அந்தக் கட்டிடத்து ஆலைகளில் தொழிற்சங்கமும் இல்லை. தனி ஆளாக மறுத்தால் கூலி போய்விடும் என்று அஞ்சியே அந்த ஏழைகள் படியேறினார்கள்.

அதன் பிறகுதான் தொழிற்சங்கங்களும் 200-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்தன. ஆலைகள் சோதிக்கப்பட்டன, குறைகள் திருத்தப்பட்டன. ஒருவராகக் கேட்க முடியாததைக் கூட்டாகக் கேட்க முடிந்தது.

சகோதரர்களே! தீமையைத் தடுப்பது தனிமனிதக் கடமை மட்டுமல்ல, ஜமாஅத்தின் கடமையும்கூட. முதலாளியும் அதிகாரியும் கைகோக்கும் இடத்தில், பலவீனருக்காகப் பேச ஒரு கூட்டம் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நம்மையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.