முகமூடிக்கு உரியவர் யார்?

யாக்கா மக்களின் முகமூடிகளை ஒளிப்படத்தில் காண்போர் முதலில் நகைப்பர். நெற்றியை நோக்கி வளைந்தேறும் மூக்கு. முகத்தைச் சூழக் காய்ந்த நாரினாலான தாடி. தலைமேல் சுள்ளிகளால் கட்டி, நார்த்துணி போர்த்தி, வண்ணம் தீட்டிய கோபுரம் போன்றதொரு கட்டு. சிலவற்றின் உச்சியில் விலங்குருவங்களும், அவையில் சொல்லத் தயங்கும் காட்சிகளும் உண்டு. நகைப்பதில் தவறில்லை. நகைப்பூட்டவே செதுக்கப்பட்டவையும் அவற்றுள் உள்ளன.

ஆயினும் அவை பிறந்த இடம் விளையாட்டுக் களமன்று. யாக்கா மக்கள் காங்கோ சனநாயகக் குடியரசின் தென்மேற்கே, குவாங்கோ ஆற்று நாட்டிலும், அதனை அடுத்த அங்கோலாவிலும் வாழ்பவர்கள். சிறுவரை ஆடவராக்கும் சடங்கினை அவர்கள் 'ன்கண்டா' என்பர். விருத்தசேதனம் செய்யப்பெற்ற சிறுவர், தாயினின்றும் பிரிந்து, ஊர்ப்புறத்துப் பாசறையில் தங்கிப் பாட்டும் ஆட்டமும் ஒழுக்கமும் பயின்றனர். பெண்டிரும் சடங்கு பெறாதாரும் அங்கே நுழைதல் கூடாது. முகமூடிகள் மறைவாகவே உருவாயின. சிறுவர் ஊர் திரும்புங்காலத்து வெளிவந்து ஆடின. ஆட்டம் முடிந்தபின்? பலவற்றை எறிந்துவிட்டனர், சிலவற்றை விற்றுவிட்டனர். வாங்கியோருள் ஐரோப்பியரும் இருந்தனர்.

செய்தவன் எறியத் துணிந்ததை வேறொருவன் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பது தகுமா? 'நாங்கள் காவாவிடில் செல்லரித்துப் போயிருக்கும்' என்பர் அருங்காட்சியகத்தார். உண்மையே. ஆனால் செல்லரிப்பதை இழப்பாக எண்ணுவது அவர்கள் கணக்கு. மீண்டும் செதுக்கத் தெரிந்த கை ஊரில் இருந்தமையால், யாக்கா முதியவர் மரத்தைப் பெரிதாக எண்ணவில்லை. பாசறையிலிருந்து ஆடவனாய் வெளிவந்த மகனே அவருக்கு ஈட்டம்.

கை இல்லாது போனால்? பெல்ஜிய ஆட்சிக் காலத்திற்குப் பின் அச்சடங்கு பல ஊர்களில் அருகிவிட்டது. செதுக்குவோர் மரபு அறுந்த ஊரில், பாட்டன் எறிந்த முகமூடியே பேரனுக்கு எஞ்சிய ஆசானாகவும் கூடும். ஆதலின் காத்தவரை முற்றும் பழித்தல் எனக்கு ஒவ்வாது.

எனினும் 2022 ஜூன் திங்களில் நடந்த ஒன்றை இங்கே எண்ணவேண்டும். கின்சாசா சென்ற பெல்ஜிய மன்னர் பிலிப், யாக்காவின் அண்டை மக்களாகிய சூகு இனத்தவரின் 'ககூங்கு' முகமூடியொன்றைக் கொண்டு சென்றார். சிறுவரைத் தீங்கினின்று காப்பதாகக் கருதப்பட்ட, கன்னம் புடைத்த அச்சமூட்டும் பெருமுகம் அது. தெர்வுரன் அருங்காட்சியகத்தில் இருந்த அதனை, 2019-இல் திறக்கப்பட்ட காங்கோ தேசிய அருங்காட்சியகத்திற்கு அளித்தார்; காலவரையற்ற கடனாக!

கடன் கொடுப்பவன் பொருளை உடையவன் ஆகிறான். பெற்றவனோ அதனைக் கெடாமல் வைத்திருக்கக் கடமைப்பட்டவன். அங்ஙனமாயின் சூகு முதியவர் ஒருவர் அதனை மீண்டும் பாசறைக்கு எடுத்துச் செல்லவோ, மழையில் நனையவிடவோ இயலாது. ஒரு பொருளை உடையவனுக்கு அதனை அழியவிடவும் உரிமை உண்டு என்பதே என் கருத்து. அதே ஆண்டு ஜூலையில், குடியேற்ற ஆட்சியில் பெற்றவற்றைத் திருப்பியளிக்கப் பெல்ஜியம் சட்டம் இயற்றிற்று; அரசுக்கும் அரசுக்கும் உடன்படிக்கை வேண்டும் என்கிறது அது. குவாங்கோ நாட்டு முதியவர் எந்த வாயிலில் சென்று கேட்பார்?