தேவரும் வினை வயத்தரே



கி.மு. 428-ஆம் ஆண்டு கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில், யூரிப்பிடீஸ் என்னும் நாடகப் புலவர் இயற்றிய 'ஹிப்போலிட்டஸ்' அரங்கேறியது. காமத்தின் தெய்வமாகிய அப்ரோடைட் முதலில் தோன்றித் தன் உள்ளக் கிடக்கையை உரைக்கிறாள். மன்னன் தீசியஸின் மகனான ஹிப்போலிட்டஸ் பெண்ணின்பத்தை வெறுத்தவன். வேட்டைக்குரிய கன்னித் தெய்வம் ஆர்ட்டெமிஸை மட்டுமே போற்றுபவன். தன்னை மதியாத அவனை அழிப்பதே அப்ரோடைட்டின் எண்ணம். அதற்குக் கருவியாக, அவனுடைய மாற்றாந்தாய் ஃபீட்ராவின் நெஞ்சில் அவன்மேல் தகாத வேட்கையை மூட்டுகிறாள். ஃபீட்ரா நற்பெயர் உடையவள் என்பதை அவளே ஒப்புகிறாள். ஆயினும் பகைவன் ஒறுக்கப்படுவதே பெரிது என்கிறாள்!

இளைஞன் அறியாது பேசியதைக் கேளாதது போல் விடுமாறு முதிய பணியாள் ஒருவன் அவளை வேண்டுகிறான். தேவர் மனிதரினும் அறிவுடையோராதல் வேண்டும் என்கிறான். பயனில்லை. ஃபீட்ரா பொய்ப்பழி எழுதி வைத்துத் தூக்கிட்டு மாள்கிறாள். அதை நம்பிய தீசியஸ், கடல் தெய்வம் போசைடன் தனக்கு அளித்திருந்த வரத்தைக் கொண்டே மகனைச் சபிக்கிறான். கடலினின்று எழுந்த காளையைக் கண்டு மிரண்ட குதிரைகள் அவனை இழுத்துச் சிதைக்கின்றன.

அவன் போற்றிய ஆர்ட்டெமிஸ் காத்தாளா? ஒரு தேவர் விருப்பத்தில் மற்றொருவர் குறுக்கிடுவது வழக்கமன்று என்கிறாள். அப்ரோடைட்டுக்கு மிக உகந்த மானிடன் ஒருவனைத் தன் அம்புகளால் கொன்று பழிதீர்ப்பதாகவும் கூறுகிறாள். பின்னர், இறப்பைக் காண்பது தனக்குத் தீட்டு என்று அவனை விட்டு அகல்கிறாள். நாடகத்தில் நம்மை மிகவும் வருத்தும் இடம் இதுவே.

யூரிப்பிடீஸ் நம் ஆகமம் அறிந்தவரல்லர். ஆயினும், தேவகதியும் நாற்கதியுள் ஒன்றே, அங்கும் கோபம், மானம், மாயை, லோபம் உண்டு என்று நம் ஆசாரியர்கள் உரைத்ததற்கு இந்நாடகம் ஓர் உரை போல் உள்ளது. புகழ்ச்சிக்கு மகிழ்பவர் புகழாமைக்குச் சினப்பதும் இயல்பே. நம் இல்லங்களிலோ, "இவ்வாண்டு அபிஷேகம் தவறியது; அதனால்தான் இத்துன்பம்" என்று அஞ்சுவோர் உளர். விருப்பும் வெறுப்பும் அற்ற அருகனை அப்ரோடைட் ஆக்கும் பேச்சன்றோ இது? துன்பம் நம் வினையின் பயன், அருகனின் சினமன்று.

ஹிப்போலிட்டஸ் வேட்டையாடி உயிர்க்கொலை புரிந்தவன். அவனை உத்தமன் என நாம் கூறவில்லை. தந்தையை வெறுக்காதே என்று ஆர்ட்டெமிஸ் அவனுக்கு அறிவுறுத்துகிறாள். அவளோ பழியை மனத்தில் கொண்டு செல்கிறாள். குருதி வழியக் கிடந்த அம்மைந்தனே, தன்னைக் கொன்ற பழியினின்று தந்தையை விடுவித்து, அவன் கைகளிலேயே உயிர் விடுகிறான்.