கணவாய் நிறம்

மேசைமேல் ஒரு இழைப்புளி. பக்கத்தில் இரண்டு உளிகள், ஒரு கொட்டாப்புளி. இடப்பக்கச் சன்னலிலிருந்து வெளிச்சம். எதையும் நகர்த்தவில்லை.


இழைப்புளியின் பிடியில் ஒரு வழுவழுப்பான குழி. யாருடைய கட்டைவிரலோ தேய்த்தது. என் விரல் அதில் உட்காரவில்லை.


ஷட்டர் திறந்திருக்கிறது. 8 வினாடி. மூச்சு உள்ளே போய், வெளியே வந்து, மறுபடியும் போகிறது.

உளிகள் கிடக்கின்றன.


இரண்டு நாள் கழித்து. அச்சு கறுப்பு வெள்ளையில்.


முதல் தட்டில் மஞ்சள் தண்ணீர். பொட்டாசியம் ஃபெரிசயனைடு, பொட்டாசியம் புரோமைடு. வெளிச்சம் விழுந்த இடங்கள் முதலில் போகின்றன. பிறகு பிடி. பிறகு உளியின் விளிம்பு. நிழல் கடைசியாக.

தாளில் வைக்கோல் நிறத்தில் ஏதோ. இருக்கிறது என்றால் இருக்கிறது.


குழாய்த் தண்ணீர் ஓடுகிறது.


இரண்டாம் தட்டு. சோடியம் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். மூக்கு சுருங்குகிறது, பிறகு பழகுகிறது. இந்த வேலைக்கு இருட்டு வேண்டாம். சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

சில வினாடிகள். இழைப்புளி திரும்பி வருகிறது. பழுப்பாக.


படத்திலிருந்த வெள்ளி இப்போது வெள்ளி சல்பைடு. பெட்டிக்குள் கிடக்கும் கொலுசின் மேல் படிகிற கறுப்பும் இதுதான். கொலுசைத் திருநீறு போட்டுத் தேய்க்கிறோம். இங்கே காத்திருந்து வரவழைக்கிறோம்.

முன்கூட்டியே கறுத்த படம். இனி காற்று அதை எளிதில் தொடாது.


இந்தப் பழுப்புக்குப் பெயர் செபியா. செபியா என்றால் கணவாய். அதன் மையைக்கொண்டு ஒருகாலத்தில் வரைந்தார்கள். இந்தத் தட்டில் கணவாய் இல்லை. பெயர் மட்டும் நீந்தி வந்திருக்கிறது.


1844. இங்கிலாந்தில், லேக்காக். புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் ஒரு கதவைத் திறந்துவைத்துப் படமெடுக்கிறார். வாசலில் சாய்த்த துடைப்பம். உள்ளே இருட்டு. அந்தப் படமும் பழுப்பு. அவர் தேர்ந்ததல்ல. உப்புத்தாளில் படம் அப்படித்தான் வரும்.

பெருக்குகிறவர் எங்கும் இல்லை.


என் படம் பழுப்பாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தாத்தா காலத்தது போல் இருக்கிறது. கொஞ்சம் பொய். இருக்கட்டும்.


கொடியில் ஈரத்தாள். கீழ்முனையில் ஒரு சொட்டு திரள்கிறது. விழவில்லை.


விரலில் இன்னும் அந்த நாற்றம்.


மேசையில் இழைப்புளி. அதன் வாயில் ஒரு மரச்சுருள் சிக்கியிருக்கிறது. மெல்லியது. என்ன மரமோ. இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

படத்தில் தேடுகிறேன். அந்த இடம் நிழல்.